குறிப்பு: குழந்தை அழுகை

பசை கசிந்த டேப்பை
அடுப்பில் வைத்துச் சுட வேண்டும்.
ஐம்பத்துநான்கு டிகிரி, எட்டு மணி நேரம்.
பழம் உலர்த்தும் சாதாரண மின்னடுப்புதான்;
காப்பகத்தின் நிலவறையில்
என் மேசைக்கும் தீயணைப்பு உருளைக்கும் நடுவில் இருக்கிறது.
புதிதாக வருகிறவர்கள்
ரொட்டி வேகிறதா என்பார்கள்.
ஆமாம் என்பேன்.

இன்று வெந்தது
ஜார்ஜியா மாநிலம், ஹாலோவே மாவட்டம்,
ஆற்றங்கரை நாட்டுக்கலை விழா, 1977, ரீல் பதினொன்று.
பெத்சாய்தா ஆலயப் பாடகர் குழு.
ஞாயிறு காலை எட்டரை மணி.
பாஞ்சோக்காரர்களுக்கு மாலையைக் கொடுத்துவிட்டு
கர்த்தரைப் பாடுகிறவர்களுக்குப்
பனி காயாத பெஞ்சுகளைக் கொடுத்திருந்தார்கள்.

பெட்டிக்குள் ஒரு தாள்.
ஒலிப்பதிவாளர் ஹார்லன் ஸ்ப்ரூலின் கையெழுத்து,
எறும்பு மையில் விழுந்தெழுந்து நடந்த மாதிரி:
"ஒன்று, நன்று. இரண்டு, காற்று.
மூன்று, குழந்தை அழுகை. வானொலிக்கு உதவாது."

அந்த உதவாததைக் கேட்கத்தான்
இருநூறு மைல் காரோட்டி வந்திருந்தார்
லூவீனியா டாக்கெட்.
பல் மருத்துவமனையில் கணக்கர், வயது நாற்பத்தெட்டு,
கைப்பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை.
"அம்மா தனிக்குரல் பாடியது ஒரே ஒரு தடவை.
நான் கத்திக் கெடுத்துவிட்டேனாம்.
என் பள்ளி விருது நாளில் சொன்னார்.
என் கல்யாணத்தில் சொன்னார்.
கடைசி வாரம், சலைன் ஏறும்போது
நர்ஸிடமும் சொன்னார்:
இவள்தான், என்னை ரேடியோவில் வரவிடாதவள்."

ஹெட்போனைக் கொடுத்தேன்.

முதலில் காகங்கள்.
ஒரு செருமல். நாற்காலி இழுபடும் சத்தம்.
"யாராவது இவளைப் பிடியுங்களேன்" என்கிறது ஒரு பெண்குரல்,
மைக்குக்கு முதுகு காட்டி.
பிறகு பலகையில் ஒரு பாதம்,
இரண்டு, அப்புறம் எண்ண முடியாத பாதங்கள்.
பியானோ இல்லை.
ஆர்மிண்டா குவார்ல்ஸ் எடுக்கிறார்.
உயரத்தில் எடுக்கிறார்,
கூரையேறி ஓடு மாற்றுகிறவர் போல
ஒவ்வோர் அடியையும் மிதித்துப் பார்த்து.

இரண்டு நிமிடம், பதினான்கு நொடி.
அழுகை.
அடேயப்பா, அதுவல்லவா அழுகை!
அளவுமானியின் முள்
சிவப்பில் போய் முட்டிக்கொண்டது.
லூவீனியா கண்ணை இறுக மூடினார்,
அறை விழப்போவது தெரிந்தவர் போல.

பாட்டு நிற்கவில்லை.
குரல் இறங்கியது.
அரைப்படி, இன்னும் அரைப்படி,
பிள்ளை அழும் சுருதி எதுவோ அங்கே வந்து
அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.
குழுவில் யாரோ சிரிக்கிறார்கள்,
பெண்கள் தடுமாறிப் பின்தொடர்கிறார்கள்,
கட்டைக்குரல்காரர்கள் கடைசியாக,
பீரோ தூக்கியவர்கள் மாடிப்படி இறங்குவதுபோல.
பதினோரு நொடி ஒரே சொல்லை இழுக்கிறார் ஆர்மிண்டா.
அழுகையும் அதே நீளம்.
எது முதலில் முடிந்தது என்று
அலைக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
தெரியவில்லை.
பெஞ்சிலிருந்து ஓர் ஆள் கத்துகிறான்:
"ஆமென், குட்டி!"

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
அடுப்பின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"பொய்க்காரி" என்றார் லூவீனியா, ஹெட்போனைக் கழற்றாமலே,
தேவைக்கு மேல் உரக்க.
பிறகு, "திரும்பப் போடுங்கள்.
பாட்டு வேண்டாம். அதற்கு முன்னால்,
யாராவது பிடியுங்களேன் என்கிறாரே, அது."
ஏழு தடவை போட்டேன்.
யார் பிடித்தார்கள் என்று
ஏழிலும் கேட்கவில்லை.

கிளம்பும்போது, பெயர்ப் பட்டியலில்
தன்னையும் சேர்க்கச் சொன்னார்.
கணினி கேட்டது: பங்கு?
பாடகர், வாத்தியம், அறிவிப்பாளர், பிற.
'பிற'வுக்கு நகர்த்தினேன்.
அவர் பார்த்த பார்வையில் கையெடுத்தேன்.

ரீல் பதினொன்று, பாட்டு மூன்று:
ஆர்மிண்டா குவார்ல்ஸ், தனிக்குரல்.
லூவீனியா குவார்ல்ஸ், எட்டு மாதம், தனிக்குரல்.

ஸ்ப்ரூலின் தாளில் நான் கைவைக்கவில்லை.
ஆனால் காற்று என்று அவர் தள்ளிய
இரண்டாம் பாட்டை
நாளை ஒரு தடவை கேட்க வேண்டும்.